ஸ்ட்ரோக்னா ஆஸ்பத்திரி பில் இல்லைங்க, அதுக்கு அப்புறம் வர்ற 12 மாசம்



நம்ம சேனல்ல வழக்கமா வரி, மியூச்சுவல் ஃபண்ட், டெர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு எங்க அப்பாவைப் பத்தி. வீடியோவா எடுக்கலாம்னு ரெண்டு தடவை கேமரா முன்னாடி உட்கார்ந்தேன், பாதியில நிறுத்திட்டேன். எழுதுறது சுலபமா இருக்கும்னு தோணுச்சு.

2022 ஜூன் மாசம், அப்பாவுக்கு 66 வயசு. கும்பகோணத்துல வீடு. காலையில காபி டம்ளரை எடுக்கப் போனவருக்கு வலது கை வரல, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. அம்மா பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு உடனே கார்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரத்தக் குழாய் அடைப்பால வர்ற ஸ்ட்ரோக்குக்கு, கட்டியைக் கரைக்கிற ஊசி போடணும்னா பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போகணும். அதுக்குள்ள போயிட்டாங்க. உயிர் பிழைச்சார்.

6 நாள் ஆஸ்பத்திரி. பில் 2,84,000 ரூபாய். என் கம்பெனி குரூப் பாலிசியில அப்பா அம்மாவையும் சேர்த்திருந்தேன், பெரும்பகுதி வந்துடுச்சு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமை. சிஏ படிச்ச பையன், எல்லாத்தையும் சரியா பிளான் பண்ணிட்டான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

அது எவ்வளவு பெரிய தப்புன்னு புரிய 6 மாசம் ஆச்சு. என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: நம்ம குடும்பங்கள் ஸ்ட்ரோக்கை ஒரு ஆஸ்பத்திரிச் செலவா பார்க்குது. ஐசியூவுக்குக் கடன் வாங்குறோம், பிசியோதெரபிக்குக் கணக்குப் பார்க்குறோம். அது தலைகீழான கணக்கு.

எங்க வீட்டு மாசக் கணக்கு

வீட்டுக்கு வந்த முதல் மாசம் ஆன செலவு இது. பார்த்துக்க ஆள், பகல் மட்டும்: 18,000. வீட்டுக்கு வர்ற பிசியோ, தடவைக்கு 500 வீதம் 26 நாள்: 13,000. மருந்து: 4,500. டயப்பர், இதர சாமான்: 3,000. மொத்தம் 38,500. இது ஒரு வருஷம் போனா 4,62,000 ரூபாய். ஆஸ்பத்திரி பில்லை விட ஒன்றரை மடங்குக்கும் மேல, அதுல பெரும்பகுதிக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

ஆஸ்பத்திரி பில் ஒரே தடவையில வந்து பயமுறுத்தும். இந்தச் செலவு மாசாமாசம் வரும். யாரும் வாட்ஸ்அப் குரூப்ல உதவி கேட்டுப் போட மாட்டாங்க. அமைதியா, நம்ம சம்பளத்துல இருந்து போகும்.

பத்தாவது வாரம் நானும் அக்காவும் போன்ல பேசினோம். அப்பா ஊன்றுகோல் பிடிச்சு நாலு அடி நடக்க ஆரம்பிச்சிருந்தார். "இப்பதான் நடக்கிறாரே, பிசியோவை வாரம் ரெண்டு நாளாக்கிடலாமே"ன்னு சொன்னது நான்தான். மாசம் 26 தடவை 8 தடவை ஆச்சு. மாசம் 9,000 மிச்சம். எக்ஸெல்ல அந்த நம்பரைப் பச்சைக் கலர்ல போட்டு வெச்சேன்.

தசை எவ்வளவு வேகமா போகும்னு தெரியுமா?

எனக்குத் தெரியாது அப்போ. ஸ்ட்ரோக் வந்தா கை கால் வராததுக்குக் காரணம் மூளைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்கு அப்புறம் தசையே கரைய ஆரம்பிக்குது. மூளையில இருந்து கட்டளை வராததால பாதிச்ச பக்கம் கரையும். படுத்தே கிடக்கிறதால நல்லா இருக்கிற பக்கமும் கரையும். விழுங்கச் சிரமம், பசியின்மை, சோர்வு எல்லாம் சேர்ந்து சாப்பாடும் குறையும்.

வேகத்தைப் புரிஞ்சுக்க ஒரு கணக்கு. 2007ல வெளியான ஒரு அமெரிக்க ஆய்வுல, எந்த நோயும் இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலயே இருக்க வெச்சாங்க. கால்கள்ல இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாதவங்களுக்கு, வெறும் 10 நாள்ல. ஸ்ட்ரோக் வந்தவங்க நிலைமையை நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கணக்குப் பாஷையில இது தேய்மானம். மெஷினுக்குத் தேய்மானம் ஓடினா ஓடும். தசைக்கு ஓடாம நின்னாதான் தேய்மானம்.

நாங்க இன்னொண்ணும் தப்பாப் பண்ணோம். நோயாளின்னா கஞ்சி, ரசம் சாதம், இட்லி. மூணு வேளையும் இதேதான். அப்பா 62 கிலோ. உடம்பு சரியில்லாத முதியவர்களுக்கு எடையில ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேணும்னு நிபுணர்கள் சொல்றாங்க, சிறுநீரகக் கோளாறு இருந்தா மட்டும் டாக்டர் வேற அளவு சொல்வார். அப்பாவுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 74 கிராம். ஒரு முட்டையில இருக்கிறது சுமார் 6 கிராம்தான். கஞ்சியை வெச்சு அந்த அளவைத் தொட முடியுமா? அப்பா தட்டுல பாதிகூட இல்லன்னு ஒரு டயட்டீஷியன் சொன்ன அன்னைக்குத்தான் எங்களுக்குத் தெரிஞ்சது. விழுங்க முடியாதவங்களுக்கு எப்படிக் கெட்டியா, மசிச்சுக் கொடுக்கணும்னு ஆஸ்பத்திரியிலயே கேட்டுட்டு வாங்க. தப்பாக் கொடுத்தா புரையேறி நுரையீரல்ல தொற்று வந்துடும்.

டிசம்பர்ல அப்பா பாத்ரூம்ல விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் பில் 2,10,000. இன்சூரன்ஸ் போக எங்க கையில இருந்து 60,000. நான் மிச்சம் பிடிச்சது 5 மாசத்துல 45,000. பிசியோவைக் குறைச்சதாலதான் விழுந்தார்னு என்னால நிரூபிக்க முடியாது. பிசியோ முழுசா நடந்திருந்தாலும் விழுந்திருக்கலாம். ஆனா அந்தப் பச்சைக் கலர் நம்பரை இன்னும் அழிக்கல. அப்பப்போ பார்த்துக்குவேன்.

மீட்சி வேகமா நடக்கிறது முதல் 3 மாசம், அதிகபட்சம் 6 மாசம். அதுக்கு அப்புறமும் முன்னேற்றம் வரும், ஆனா மெதுவா. அதாவது நாங்க கையை இறுக்கினது, பணம் அதிகப் பலன் தர்ற அந்த மாசங்கள்ல.

நோட்டுல தப்பான கூட்டல்

அப்பா ஒரு கூட்டுறவு சங்கத்துல கணக்கரா இருந்து ரிட்டயர் ஆனவர். 30 வருஷமா தினச் செலவை நோட்டுல எழுதுவார். பால், பேப்பர், கோயில் உண்டியல் வரைக்கும். நான் சிஏ படிச்சதுக்கு அந்த நோட்டுதான் காரணம்னுகூடச் சொல்லலாம்.

ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் இடது கையால எழுதப் பழகி, நோட்டைத் திரும்பத் தொடங்கினார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். போட்டோ எடுத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

2023 பொங்கலுக்குப் போனப்போ சும்மா புரட்டினேன். கூட்டல் தப்பா இருந்தது. ஒரு நாள் இல்ல, பல நாள். ஒரு பக்கத்துல இருந்து அடுத்த பக்கத்துக்குக் கொண்டு போற தொகை மாறியிருந்தது. கரண்ட் பில் ஒரே மாசத்துல ரெண்டு தடவை கட்டியிருந்தது. கூட்டல்ல ஒரு பைசா தப்பு விடாத மனுஷன்.

அம்மாகிட்ட கேட்டேன். "உங்கப்பாவுக்கு ஞாபகம் எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. உன் எஸ்எஸ்எல்சி மார்க்கு வரைக்கும் சொல்றாரு"ன்னாங்க.

இங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் வர்ற அறிவுத்திறன் குறைவு பல பேருக்கு மறதியில ஆரம்பிக்காது. திட்டமிடுறது, கணக்குப் போடுறது, ஒரு வேலையில இருந்து இன்னொண்ணுக்கு மாறுறது, வேகமா முடிவெடுக்கிறது, இதெல்லாம் முதல்ல அடிபடும். பேர் சொல்லுவார், பழைய கதை சொல்லுவார், அதனால எல்லாம் சரின்னு நினைப்போம். ஆனா ஓடிபி கேட்டு எவனாவது போன் பண்ணினா, "இது சரியில்லையே"ன்னு யோசிக்கிற இடம்தான் பலவீனமாகியிருக்கும்.

நரம்பியல் டாக்டர் ஒரு சோதனை வெச்சார். மோகான்னு பேரு, மொத்தம் 30 மார்க், கால் மணி நேரம்கூட ஆகல. கடிகாரம் வரைஞ்சு 11 மணி 10 நிமிஷம் காட்டச் சொன்னப்போ அப்பா ரெண்டு முள்ளையும் ஒரே இடத்துல வெச்சார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். கால் மணி நேரச் சோதனையை 7 மாசம் நாங்க கேட்கவே இல்ல. நீங்க 3 மாச ரிவ்யூவுக்குப் போறப்பவே கேளுங்க. மனச்சோர்வு இருக்கான்னும் கேளுங்க, ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு அது வருது. மனசு சோர்ந்தா பயிற்சி நிக்கும், பயிற்சி நின்னா தசை போகும், நடமாட்டம் குறைஞ்சா அறிவும் மங்கும். ஒரு சங்கிலி மாதிரி.

"மாசம் 13,000க்கு எங்க போறது?"

நியாயமான கேள்வி. 30,000 சம்பளத்துல இருக்கிறவங்களுக்கு நான் அறிவுரை சொல்றது சுலபம். அதனால என் வாதம் நிறையப் பணம் செலவு பண்ணுங்கங்கிறது இல்ல. பயிற்சியை நிறுத்தாதீங்கங்கிறதுதான்.

தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல, பிபி, சுகர் மாத்திரையோட வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் கொடுக்கிறாங்க, இலவசமா. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதியலாம். மாசம் முழுக்க வர மாட்டாங்க, ஆனா என்ன பயிற்சி, எப்படிப் பண்ணணும்னு வீட்டுல ஒருத்தருக்குக் கத்துக்கொடுத்தா மீதி நாள் நீங்களே பண்ணலாம். அரசு மருத்துவமனையிலயும் பிசியோ பிரிவு இருக்கு. எனக்கு இது எதுவும் தெரியாது, விசாரிக்கவும் இல்ல. படிச்சவன்கிற திமிர்தான், வேறென்ன.

இன்சூரன்ஸ் எங்க கைகொடுக்கும், எங்க கொடுக்காது

டெர்ம் பிளான் இறந்தாதான் பணம் தரும். அதோட சேர்க்கிற ஆக்சிடென்ட்டல் டிஸெபிலிட்டி ரைடர் விபத்துக்கு மட்டும். ஸ்ட்ரோக் விபத்து கிடையாது.

ஹெல்த் பாலிசியில டிஸ்சார்ஜுக்கு அப்புறமான செலவுக்கு ஒரு காலக்கெடு இருக்கும். குரூப் பாலிசியில பெரும்பாலும் 60 நாள், தனி பாலிசிகள்ல 180 நாள் வரைகூட. டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோவுக்கு அந்தக் காலத்துக்குள்ள பல பாலிசிகள்ல க்ளெய்ம் கிடைக்கும். நான் ஒரு ரூபாய்கூட வாங்கல. ஏன்? டிஸ்சார்ஜ் சம்மரில பிசியோன்னு தெளிவா எழுதி வாங்கல, பிசியோகிட்ட பில்லும் வாங்கல, ஜிபேல அனுப்பிட்டேன். ஊருக்கெல்லாம் "பில் வாங்குங்க"ன்னு சொல்றவன் நான்.

கிரிட்டிக்கல் இல்னெஸ் பாலிசி வெச்சிருக்கிறவங்க கவனிங்க. ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான வரையறைப்படி, நரம்புப் பாதிப்பு நிரந்தரம்னு காட்டணும், குறைஞ்சது 3 மாசம் நீடிச்சதுக்கு ஆதாரம் கொடுக்கணும். தானா சரியாகிடற மினி ஸ்ட்ரோக்குக்குக் கிடைக்காது. அதாவது, பணம் அதிகம் தேவைப்படுற முதல் 3 மாசம் முடிஞ்ச பிறகுதான் க்ளெய்மே ஆரம்பிக்கும். அந்த 3 மாசத்தை உங்க எமர்ஜென்சி ஃபண்ட்தான் தாங்கணும். நல்லா பிசியோ பண்ணி ஆள் தேறிட்டா க்ளெய்ம் போயிடுமேன்னு ஒருத்தர் என்கிட்டயே கேட்டார். போனா போகட்டுங்க.

வரியில ஒரு விஷயம்

80டிடிபி பிரிவுல வர்ற நோய்ப் பட்டியல்ல ஸ்ட்ரோக்ங்கிற பேரே கிடையாது. அதனால பல பேர் விட்டுடறாங்க. ஆனா டிமென்ஷியா இருக்கு, பேச்சுத்திறன் இழப்பான அஃபேசியா இருக்கு. பாதிப்பு 40 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னு நரம்பியல் நிபுணர் எழுதிக் கொடுத்தா, சீனியர் சிட்டிசன் பெற்றோருக்கு 1,00,000 ரூபாய் வரை செலவைக் கழிக்கலாம், இன்சூரன்ஸ்ல வந்தது போக. உங்களைச் சார்ந்து இருக்கிற பெற்றோருக்கு மாற்றுத்திறன் சான்று இருந்தா 80டிடியில 75,000, பாதிப்பு 80 சதவீதம் அல்லது அதுக்கு மேலன்னா 1,25,000. இதுல எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு கணக்கு கேட்கிறதில்ல.

எல்லாமே பழைய வரி முறையில மட்டும்தான். ரெண்டு முறையிலயும் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. இந்த எண்கள் 1961ஆம் வருஷச் சட்டத்தோடது. 2026 ஏப்ரல் 1 முதல் புதுச் சட்டத்துல எண்கள் மாறுது, மறந்துடாதீங்க.

நாமினி போட்டா போதும்னு நினைக்காதீங்க

நாமினிங்கிறது இறந்த பிறகு. ஆள் உயிரோட இருந்து கையெழுத்துப் போட முடியலைன்னா நாமினியால ஒண்ணும் பண்ண முடியாது. அப்பாவோட எஃப்டி 4 லட்சம், அவர் பேர்ல மட்டும். கையெழுத்து மாறிடுச்சு, பேங்க்ல திருப்பி அனுப்பிட்டாங்க. உடம்பு முடியாதவங்க பெருவிரல் ரேகை வெச்சு, ரெண்டு சாட்சி முன்னாடி பணம் எடுக்கலாம், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும்னு ரிசர்வ் வங்கி வழிமுறையே இருக்கு. அதைப் பிரிண்ட் எடுத்துக் காட்டின பிறகுதான் வேலை நடந்தது.

அது கை பிரச்சனை. மனசு பிரச்சனைன்னா இன்னும் கஷ்டம். "பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிட்டேன் சார்"னு நிறையப் பேர் நிம்மதியா இருக்காங்க. 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்தோட 201ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தா அந்த அதிகாரம் முடிஞ்சுது. எப்போ தேவையோ அப்போ செல்லாது. அப்புறம் கோர்ட்தான். 2024ல ஒரு பெண், கோமாவுல இருந்த கணவரோட சொத்தைக் கையாள அனுமதி கேட்டு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. கிடைச்சது, ஆனா அந்த நேரத்துல கோர்ட்டுக்கு அலையற தெம்பு யாருக்கு இருக்கும்?

அதனால நல்லா இருக்கும்போதே முக்கியமான கணக்குகளை, "இருவரில் யாராவது ஒருவர்" இயக்கலாம்ங்கிற ஜாயின்ட் அக்கவுண்டா மாத்திடுங்க. எஃப்டியையும் சேர்த்து. உயில் எழுதணும்னாலும் இப்பவே.

ஆனா ஒண்ணு. சோதனை முடிவு வந்த வாரம் நான் அப்பாவோட ஏடிஎம் கார்டை வாங்கி என் பர்ஸ்ல வெச்சுக்கிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல. ராத்திரி அம்மாகிட்ட "என்னை மைனராக்கிட்டான்"னு சொன்னாராம். அடுத்த நாள் மாத்தினோம். பென்ஷன் வர்ற கணக்கு அம்மாவோட ஜாயின்ட், எஸ்எம்எஸ் எனக்கும் வரும். இன்னொரு சின்னக் கணக்குல மாசம் 5,000, கார்டு அப்பா சட்டைப் பையில. அதுல தப்புப் பண்ணினாலும் 5,000 ரூபாய்தான். பாதுகாப்புங்கிற பேர்ல ஒரு மனுஷனோட மரியாதையைப் பிடுங்கிடக் கூடாது.

நீங்க இந்த வாரம் பண்ண வேண்டியது

1. அப்பா அம்மாவோட பிபி என்னன்னு கேளுங்க. "நார்மல்தான்"னு சொன்னா விடாதீங்க, நம்பர் கேளுங்க. உங்களோடதும் பாருங்க. முதல் ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் 10ல ஒருத்தருக்கு டிமென்ஷியா வருது. ரெண்டாவது ஸ்ட்ரோக் வந்தா மூணுல ஒருத்தருக்கு மேல. அந்த ரெண்டாவதைத் தடுக்கிறது தினமும் தவறாம போடுற மாத்திரைதான். இதைவிட அதிக ரிட்டர்ன் தர்ற முதலீடு எனக்குத் தெரிஞ்சு இல்ல.

2. ஹெல்த் பாலிசியில டிஸ்சார்ஜுக்குப் பின் எத்தனை நாள்னு பாருங்க.

3. எமர்ஜென்சி ஃபண்டைக் கணக்குப் போடும்போது, பெற்றோருக்காக 6 மாசப் பராமரிப்புச் செலவைத் தனியா சேருங்க. உங்க வீட்டு 6 மாசச் செலவு வேற, இது வேற.

4. கூடப் பிறந்தவங்களோட இப்பவே பேசுங்க. யார் பணம், யார் நேரம்னு. எங்க வீட்டுல நானும் அக்காவும் பணம் போட்டோம், மொத்த உழைப்பும் அம்மாவோடது. இன்னைக்கு அம்மாவுக்கு முதுகுவலி நிரந்தரம். அது எந்த எக்ஸெல்லயும் வரல.

அப்பா இப்போ வாக்கர் வெச்சு நடக்கிறார். பிசியோ சொன்ன பயிற்சியை அம்மா தினமும் காலையில செய்ய வைக்கிறாங்க. ராத்திரி 8 மணிக்கு எனக்கு வீடியோ கால். நோட்டைப் பார்த்து அன்னைக்குச் செலவை ஒவ்வொண்ணா வாசிப்பார், நான் இங்க சென்னையில கால்குலேட்டர் இல்லாம கூட்டுவேன். அப்புறம் ரெண்டு பேரும் மொத்தத்தைச் சொல்லுவோம். சில நாள் அவர் சரி, சில நாள் நான் சரி.

சரி, போனைக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு ஒரு கால் பண்ணி அந்த பிபி நம்பரைக் கேட்டுடுங்க. அடுத்த பதிவுல பார்க்கலாம்.